லாப்ரடாருக்கு உண்ணி மருந்து: கடையில் விற்பதில் எதை வாங்கலாம்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் லாப்ரடார் வளர்ப்பவர்கள் கால்நடை மருந்துக் கடையில் அதிகம் கேட்பது உண்ணிக்குத்தான். பவுடர், சோப்பு, கழுத்துப்பட்டை, சொட்டு மருந்து, மாடுகளுக்கான திரவம், மாத்திரை என்று ஆறேழு வகை எடுத்து வைப்பார்கள். எல்லாம் எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. லாப்ரடாரின் உடல்வாகையும் குணத்தையும் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

பவுடரும் சோப்பும் முதலில் கழியும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வேலை செய்த நாய்களின் வழி வந்தது லாப்ரடார். அதற்கு இரட்டை முடி: மேலே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி அடர்த்தி. தண்ணீரே தோலுக்குச் சுலபமாக இறங்காது, பவுடர் எப்படி இறங்கும்? மேலே நின்றதை நாய் நக்கித் தின்னும். சோப்பு போட்டால் அன்றைக்குச் சில உண்ணிகள் விழும், அடுத்த வாரம் புதிதாக ஏறும். வேப்பெண்ணெய் பூசினால் முடிதான் பிசுபிசுக்கும், நக்கினால் வாந்தி வேறு. கற்பூரம் கரைத்துப் பூசவே பூசாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

சொட்டு மருந்து நல்ல மருந்துதான். ஃபிப்ரோனில் (ஃபிரன்ட்லைன் போன்றவை) 20 முதல் 40 கிலோ நாய்க்கு 2.68 மில்லி குழாய். தோள்பட்டைகளுக்கு நடுவே முடியைப் பிரித்து, தோல் தெரிந்த பிறகு விட வேண்டும். முடிமேல் ஊற்றிவிட்டு மருந்து சரியில்லை என்பவர்கள் நிறைய. அது தோலின் எண்ணெயோடு கலந்து உடம்பெல்லாம் பரவுவதால், போடுவதற்கு 2 நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டக் கூடாது. இங்கேதான் லாப்ரடாரோடு ஒத்துவராது. தோட்டத்துத் தொட்டியோ தென்பெண்ணையோ, தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடும். அடிக்கடி நனைகிற நாய்க்கு ஒரு மாதம் தாங்க வேண்டிய மருந்து முன்கூட்டியே வலுவிழக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கிற நாய்க்கு இதை வாங்கலாம்.

மாடுகளுக்கு வாங்கிய உண்ணித் திரவம், அதாவது அமிட்ராஸ் 12.5% புட்டி, பல வீடுகளில் இருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்தால் 0.025% வரும். மருத்துவர் சொன்ன அளவைச் சிரிஞ்சில் அளக்காமல் மூடியில் ஊற்றிக் கலப்பதால்தான் விபரீதம். அளவு கூடினால் நாய் மயக்கத்தில் கிடக்கும், இதயத் துடிப்பு குறையும், ரத்தச் சர்க்கரை ஏறும். மருத்துவர் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

எங்கள் தேர்வு மாத்திரைதான். தண்ணீரில் கரைந்துபோகிற பேச்சே இல்லை. விழுங்க வைப்பதும் கஷ்டமில்லை, லாப்ரடார் எதை வேண்டாமென்றது? (பசி அடங்காமல் இருப்பதற்கு இந்த இனத்தில் சுமார் கால்வாசி நாய்களிடம் உள்ள ஒரு மரபணு மாற்றமும் காரணம் என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.) ஃப்ளூராலனர், அதாவது பிராவெக்டோ, ஒன்று போட்டால் 12 வாரம், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். அஃபாக்சோலனர், அதாவது நெக்ஸ்கார்ட், மாதம் ஒன்று. இரண்டுமே 8 வாரம் முடிந்த, 2 கிலோவுக்குக் குறையாத குட்டியிலிருந்து கொடுக்கலாம்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லி வாங்காதீர்கள். பெட்டை 25 முதல் 32 கிலோ, கடுவன் 29 முதல் 36 கிலோ என்பது இனத்தின் கணக்கு. களியும் சோறும் தின்று கொழுத்தது 40ஐத் தாண்டியிருக்கும். பிராவெக்டோவில் 20 முதல் 40 கிலோவுக்கு ஒன்று, அதற்கு மேல் வேறு. நெக்ஸ்கார்ட் 25 கிலோவில் மாறும். தீவனக் கடைத் தராசில் ஏற்றினால் இரண்டு நிமிட வேலை. பெரிய மாத்திரையை உடைத்து இரண்டு நாய்க்குப் பங்கு வைப்பதும் தவறு. வளரும் குட்டிக்கு மாத மாத்திரைதான் சரி: நாலு மாதத்தில் 16 கிலோ இருக்கிற குட்டி, 12 வாரம் முடிவதற்குள் 20ஐத் தாண்டி அடுத்த அளவுக்குப் போய்விடும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்த வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பை வரவைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் அறிவித்தது. லாப்ரடாருக்கு வலிப்பு நோய் அபூர்வமல்ல. ஏற்கெனவே வலிப்பு வந்த நாயென்றால் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

"மாத்திரை போட்டும் உண்ணி இருக்கிறதே" என்ற புகாருக்குக் காரணம் மருந்தல்ல. உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் சாகும். அதனால் புதிதாக ஏறியது ஓரிரு நாள் கண்ணில் படத்தான் செய்யும். பெரும்பகுதி உண்ணிகள் நாய்மேல் இருப்பதே இல்லை. குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்று ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஒளியும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் பக்கத்துக் கருங்கல் சுவரும், கல்பலகை வேலியும், கொட்டகை ஓரத்து வைக்கோலும் அதற்குத் தோதான இடங்கள். வெடிப்பைச் சிமெண்டால் அடையுங்கள். நாய் படுக்கிற சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுங்கள். டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் திரவத்தைப் புட்டியில் போட்ட அளவில் கலந்து சுவர் இடுக்கிலும் தரை ஓரத்திலும் அடித்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அடியுங்கள். முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். காயும்வரை நாயை விட வேண்டாம். பூனைக்கும் மீனுக்கும் இது எமன், தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவாதீர்கள்.

தொங்கும் காது மடலின் உள்பக்கம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். கண்டதை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நசுக்கவோ, மண்ணெண்ணெய் ஊற்றவோ வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஓடிவருகிற லாப்ரடார் தட்டைத் தொடாமல் படுத்திருந்தால் அன்றே வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். எர்லிக்கியா (உண்ணி பரப்பும் பாக்டீரியா) என்று உறுதியானால் வழக்கமாக டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். நாலாம் நாளே நாய் எழுந்து ஓடும், அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.