1930 ஃபோர்டு மாடல் ஏ ஃபேட்டன்: முன்கண்ணாடியும் ஓட்டுநரின் சுகமும்

மிச்சிகன் மாநிலத்தின் கிராமச் சாலைகளில் 1930-ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ ஃபேட்டன் (துணிக்கூரையை இறக்கக்கூடிய திறந்த கார்) ஒன்றைப் பல கோடைகளாக ஓட்டி வருகிறேன். திறந்த காரில் களைப்பின்றி நெடுந்தூரம் செல்ல முடியுமா என்பதை இயந்திரத்தைவிட முன்கண்ணாடியே தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

1908-இல் ஃபோர்டின் முந்தைய காரான மாடல் டி வெளிவந்தபோது முன்கண்ணாடியும் துணிக்கூரையும் தனி விலைக்கு வாங்கும் பொருள்களாக இருந்தன. பின்னர் வழக்கமான இரண்டு துண்டுக் கண்ணாடியில், துண்டுகள் சேரும் இடம் சாலையின் குறுக்கே ஒரு கோடாகவே தெரியும். மாடல் ஏ-யில் ஒரே கண்ணாடி என்பதால் பார்வை தடைபடுவதில்லை.

ஆனால் காற்றின் தொல்லை முன்னாலிருந்து வருவதில்லை. ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் தட்டையான கண்ணாடி காற்றைப் பிளந்து மேலும் பக்கமும் தள்ளுகிறது. அதனால் கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, அந்த இடத்தை நிரப்பப் பின்னாலிருந்து காற்று சுழன்று முன்னோக்கி வருகிறது. கூரையை இறக்கி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், முடி முன்பக்கமாகப் பறந்து முகத்தில் விழும். பிடரியில் ஓயாமல் குளிர்காற்று அடிக்கும். மண்சாலையானால் நம் சக்கரங்கள் கிளப்பிய புழுதியும் அந்தச் சுழலோடு உள்ளே வந்துவிடும். கண்ணாடிச் சட்டத்தின் இருபுறமும் காற்றைத் தடுக்கும் சிறிய கண்ணாடித் தகடுகளைப் பொருத்திய பிறகே நிலைமை மாறியது. அவற்றை முழுவதும் வெளிப்பக்கம் விரிக்காமல், சற்றே உட்சாய்வாக வைத்து மெல்லிய காற்றோட்டத்தை உள்ளே விடுவதே நல்லது. அந்தக் காற்று அழுத்தக் குறைவை ஓரளவு நிரப்பிவிடுவதால் பின்சுழல் தணிகிறது. முழுதாக அடைக்க முயன்றால் சுழல் கூடுவதோடு, பெடல் துளைகள் வழியே வரும் இயந்திரச் சூடும் கால்களைச் சுற்றித் தேங்குகிறது.

முன்கண்ணாடியை முன்பக்கம் மடக்கிப் படுக்க வைப்பது பார்க்க அழகுதான். ஊர்வல வேகத்துக்கு மேல் கண் கவசம் இல்லாமல் அப்படி ஓட்ட வேண்டாம். ஒரு வண்டு கண்ணில் பட்டாலே போதும், வண்டியின் கட்டுப்பாடு போய்விடும்.

மாடல் ஏ-யின் முன்கண்ணாடி, உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடி. அக்காலத்து மலிவு விலைக் காருக்கு இது பெரிய கொடை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய செல்லுலாய்டு இடைத்தகடு வெயிலில் மஞ்சளாகி ஓரங்களில் குமிழ் விடுவதால், பழைய கண்ணாடி எஞ்சியிருந்தால் மாற்றிவிடுங்கள். வளைவே இல்லாத தட்டைக் கண்ணாடி என்பதால் புதிய அடுக்குக் கண்ணாடியை அளவுக்கு வெட்டித் தர எந்தக் கண்ணாடிக் கடையாலும் முடியும்.

மழையில் ஓட்டுநர் பக்கம் மட்டுமே வைப்பர் இருக்கிறது. அது இயந்திரத்தின் உறிஞ்சு விசையில் இயங்குவதால், மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தயங்கி நின்றுவிடுகிறது. பார்வை மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஒரு கணம் காலை எடுத்தால்தான் மறுபடி அசையும்.

பின்னிருக்கையில் அமர்வோருக்கு இந்த ஏற்பாடுகளால் பயன் சிறிதே. விலையுயர்ந்த டூரிங் கார்களில் முன்னிருக்கைக்குப் பின்னால் இரண்டாவது கண்ணாடி ஒன்றை வைத்ததன் நியாயம் அங்கே அமர்ந்தால்தான் விளங்கும். என் காரில் முதியவர்களை எப்போதும் முன்னால் அமர்த்துகிறேன். பின்னால் அமர்வோருக்குக் கழுத்தை மூடும் துண்டும் கனமான போர்வையும் கோடையிலும் எடுத்துச் செல்கிறேன்.