கெட்டால் பார்க்க ஆள் இருக்கிறதா? கொடுத்த பரிசுகள், சில வருஷம் கழித்து

கல்யாணம், புதுமனை புகுவிழா, பணி ஓய்வு என்று வருஷம் பூராவும் எங்கள் சொந்தத்தில் ஏதாவது ஒன்று வரும். பரிசு வாங்குகிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். புதுப்பொருளைப் பிரித்த வாரமே அருமை, பெருமை என்று எழுதுகிறவர்கள் நிறைய. நான் இரண்டு மூன்று வருஷம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, எது அட்டாலிக்குப் போய்விட்டது என்று அப்போதுதான் தெரியும்.

வாங்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, கெட்டுப்போனால் பக்கத்து டவுனில் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான். மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத ஊரே இல்லாத எங்கள் கொங்குச் சீமையில் இந்தக் கேள்வி தானாகவே வந்துவிடும்.

பழைய ரேடியோ வடிவத்தில், ஆயிரக்கணக்கான சினிமாப் பாட்டுகளை உள்ளேயே ஏற்றி விற்கிறார்களே, அந்தப் பாட்டுப் பெட்டியை கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கும் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) வாங்கிக் கொடுத்தேன். வயதானவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி நான் பார்த்ததில்லை. நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஒரு திருகு, நாலு பொத்தான். திருகைச் சுற்றினால் பாடகர், இசையமைப்பாளர் என்று மாறும், பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டு. நினைத்த பாட்டை நினைத்த உடனே தேடிப் போட முடியாதது இதில் குறைதான். ஆனால் அம்மிச்சி அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு வருகிற பாட்டைக் கேட்பதே பழக்கம்.

அவர் கேட்டது வேறு. "ஏங்கண்ணு, இதுல உடுக்கைப்பாட்டு வராதா?"

வராது. அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து ராத்திரி பூராவும் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்லும் அதை 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அப்படிப்பட்ட பாட்டுக்குக் கம்பெனி ஏற்றிய பட்டியலில் இடமில்லை. நல்லவேளையாகப் பெட்டியின் பின்னால் பென் டிரைவ் செருக இடம் இருக்கிறது. உடுக்கைப்பாட்டு, வள்ளி கும்மி, மாரியம்மன் பாட்டு என்று தேடிச் சேர்த்து ஏற்றிக் கொடுத்தேன். வள்ளி கும்மிக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு நிறைய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய கொள்ளளவு பென் டிரைவ் வாங்கினால் இந்த மாதிரிப் பெட்டிகள் பல படிக்காது. கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை மாறுவதுதான் காரணம்: 32 ஜிபி வரைக்கும் பொதுவாக ஃபேட்32 அமைப்பில் வரும், அதற்கு மேல் எக்ஸ்ஃபேட், அது இந்தப் பெட்டிகள் பலவற்றுக்குப் புரியாது. கடையில் "எல்லாத்துலயும் ஓடுமுங்க" என்றுதான் சொல்வார்கள். சின்னதாகவே வாங்குங்கள், பாட்டெல்லாம் எம்பி3 ஆக இருக்கட்டும். ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் கொட்டாமல் சாமி பாட்டு ஒன்று, கும்மி ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்து, கலர் டேப் ஒட்டிவிட்டால் வேலை சுலபம். மஞ்சள் டேப் உடுக்கைப்பாட்டு என்று அம்மிச்சிக்கு ஒரே நாளில் மனப்பாடம்.

இரண்டாவது வருஷம் பேட்டரி படுத்துவிட்டது. வயரைப் பிடுங்கினால் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. காரணம் புரியாததல்ல. பெட்டி பகல் முழுக்க ஜன்னல் வெயிலில், சார்ஜிலேயே கிடந்தது. லித்தியம் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எந்நேரமும் முழு சார்ஜில் நிற்பதும் ஆகாது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் பெட்டியையே கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். எப்போது திரும்பும் என்று மட்டும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் பண்ணும் தம்பியிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்து, "செல் மட்டும் மாத்துனா போதுமுங்க, போர்டு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். சாயங்காலமே வேலை முடிந்தது. உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தவிட்டுத் தூசி இருந்ததையும் ஊதி எடுத்துவிட்டார். இன்றுவரை பாடுகிறது. திருகில் எண்கள் அழிந்துவிட்டன, அம்மிச்சிக்கு அது தேவையும் இல்லை.

அடுத்தது கிண்டில், மின்புத்தகம் படிக்கிற கருவி. பொள்ளாச்சியில் இருக்கும் பெரியப்பா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணில் புரை எடுத்தவர். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். இதன் மின்மைத் (இ-இங்க்) திரையில் கறுப்பும் வெள்ளையுமாக நுண்துகள்கள் இடம் மாறித்தான் எழுத்து தெரிகிறது. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் மின்சாரம் தேவை, அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. தென்னந்தோப்பில் கட்டில் போட்டு உச்சி வெயிலிலும் படிக்கிறார். செல்போனில் அது நடக்காது.

என் கேள்விக்கு இந்தக் கருவி தேறாது என்பதையும் சொல்லவேண்டும். திரை உடைந்தால் பொள்ளாச்சியிலும் ஆள் இல்லை, கோயம்புத்தூரிலும் தேட வேண்டும். ஆனால் தேய்கிற, சுழல்கிற பாகம் எதுவும் இல்லாததால் உறை போட்டுக் கொடுத்துவிட்டால் ஓடும். உறை இல்லாமல் தராதீர்கள்.

தமிழ்ப் புத்தகங்கள் கிண்டிலில் 2016 முதல் கிடைக்கின்றன. பழைய நூல்களுக்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பிடிஎஃப் வேண்டாம். அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும், பெரியவர்கள் இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டு இருக்க மாட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரியும் திரைக்குள்ளேயே மடங்கி வருகிற ஈபப் வடிவில் எடுத்து அனுப்புங்கள். பெரியப்பாவுக்கு முதலில் ஏற்றிக் கொடுத்தது சங்கப் பாடல்கள். அவர் அதை ஓரம் வைத்துவிட்டுத் துப்பறியும் நாவல்களைக் கேட்டார், அது தனிக்கதை.

சிறு பதிப்பகங்களின் புத்தகம் பல இதில் வராது. அதற்கு ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போவதே வழி. மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்துகிறது. கொங்குப் பேச்சில் ஒரு நாவலைப் பரிசாகத் தர நினைத்தால் 1942-ல் ஆர். சண்முகசுந்தரம் எழுதிய நாகம்மாளைத் தரலாம். தமிழ் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது, கனமும் குறைவு.

கிரைண்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுப்பதென்றால் இரண்டு லிட்டர் டேபிள் டாப் போதும். பெல்ட், மோட்டார் எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் சீரில் ஏற்கனவே ஒன்று வருகிறதா என்று பெண் வீட்டில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். என் அத்தை மகன் வீட்டில் மூன்று நிற்கிறது.

பவானி ஜமக்காளம் தருவதானால் கைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள். இதற்குக் கெட்டுப்போகும் கவலையே இல்லை. முதல் அலசலில் சாயம் கொஞ்சம் இறங்கக்கூடும், தனியாகத் துவைக்கச் சொல்லிவிட்டால் சரி.

வேகமாக அட்டாலிக்குப் போனவை ஸ்மார்ட் வாட்சுகள். ஒன்றுக்குச் சார்ஜர் தொலைந்தது, அந்த முனை வேறு எதிலும் சேரவில்லை. இன்னொன்றின் செயலி, போன் மாற்றியதும் வேலை செய்யவில்லை.

எதைக் கொடுத்தாலும் சார்ஜரில் பெயர் எழுதி, பில்லை ஒரு உறையில் போட்டுப் பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டால் வாரன்டி சமயத்தில் அவர்கள்தான் அலைய வேண்டிவரும்.