கோல்ட் விங் ஜிஎல்1500: முப்பது வயதை எட்டும் காற்று சஸ்பென்ஷனை நம்பலாமா?

ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1500 என்ற நெடுந்தூரப் பயண (டூரிங்) மோட்டார் சைக்கிளைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைப் பற்றித்தான். 1988 முதல் 2000 வரை விற்பனையில் இருந்த இந்த வண்டியின் 1520 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின் இன்றும் அமைதியாக ஓடிக்கொண்டிருப்பதால், அந்த விசாரணையில் பெரும்பாலும் நல்ல பதிலே கிடைக்கும். வாங்குகிறவர் குனிந்து பார்க்க வேண்டிய இடம் வேறு. பின்சக்கரத்தின் வலப்பக்கம் இருக்கும் ஷாக் அப்சார்பர், அதற்குக் காற்றை அனுப்பும் சிறிய கம்ப்ரெசர், இரண்டுக்கும் நடுவில் ஓடும் மெல்லிய குழாய், அதன் இணைப்புகளில் ஒளிந்திருக்கும் ரப்பர் வளையங்கள் ஆகியவைதான் இந்த வயதில் தொல்லை தருகின்றன. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து மேரிஸ்வில் ஆலையில் உருவான இந்த வண்டிகளில் ஒன்றை, குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புத் தூவும் வட்டாரத்தில் வைத்துப் பல ஆண்டுகளாக ஓட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். அந்த அனுபவத்தில் இதன் காற்று சஸ்பென்ஷனைப் பற்றி எழுதுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நம்பத் தகுந்த அமைப்பு. சீர்செய்து பல ஆண்டுகள் பயன்படுத்தத் தகுந்தது. 'காற்று நிற்கவில்லை' என்ற ஒரே காரணத்துக்காக ஷாக் அப்சார்பரையும் கம்ப்ரெசரையும் சேர்த்துத் தூக்கி எறிவது பெரும்பாலான வண்டிகளில் வீண்செலவு.

ஜிஎல்1500 வண்டியில் பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர்கள் இருந்தாலும் காற்று போவது வலப்பக்கத்தில் இருப்பதற்கு மட்டுமே. இடப்பக்கத்தில் இருப்பது சாதாரண ஸ்பிரிங் வகை. 1980இல் வந்த ஜிஎல்1100 வண்டியில் முன்னும் பின்னும் காற்று உதவி இருந்தது. 1982இல் அதன் ஆஸ்பென்கேட் வகையில் வண்டியிலேயே கம்ப்ரெசர் ஏறியது. ஜிஎல்1500 அந்த ஏற்பாட்டைப் பின்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது. ஓட்டுபவர் பொத்தானை அழுத்தினால் கம்ப்ரெசர் இயங்கும். காற்று ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குடுவையைக் கடந்து, மின்வால்வையும் அழுத்தமானியையும் தாண்டி ஷாக் அப்சார்பரைச் சேரும். அழுத்தத்தை 0 முதல் 57 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) வரை வைத்துக்கொள்ளலாம். எரிபொருளோடு ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள வண்டி இது. தனியாகப் போகும்போது ஒரு நடை, பின்னால் துணையும் மூன்று பெட்டிகளில் சாமானும் ஏறும்போது வேறொரு நடை. இரண்டையும் கையில் ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் சமாளிக்க முடிகிறது என்பதே இந்த அமைப்பின் பெரிய வசதி. 469 மைல் நீளமுள்ள புளூ ரிட்ஜ் பார்க்வே போன்ற மலைச்சாலையில் துணையோடு போகும்போது அழுத்தம் சரியாக இருந்தால், வளைவில் வண்டி அமர்ந்து திரும்பும் விதத்தைப் பின்னால் இருப்பவரே கவனித்துச் சொல்வார்.

ஒரு பக்கம் மட்டும் காற்று என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு, அதற்கு நிகரான ஒரு ஆபத்தும் உண்டு. காற்று முழுவதும் போய்விட்டாலும் இடப்பக்க ஸ்பிரிங் வண்டியைத் தாங்கிக்கொள்ளும்; நடுவழியில் நிற்க நேராது. ஆனால் அதே காரணத்தால் பழுது நெடுநாள் கண்ணுக்குத் தெரியாமலும் போகிறது. வண்டி கொஞ்சம் தாழ்ந்திருப்பதும், பள்ளத்தில் 'தொம்' என்று அடிப்பதும், இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பதும் வயதின் இயல்பு என்று எண்ணி ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

எனக்கு மிகவும் நம்பகமான அறிகுறி சென்டர் ஸ்டாண்டுதான். பின்பக்கத்தில் காற்று இருக்கும்போது, ஸ்டாண்டின் இரு கால்களும் தரையைத் தொட்டிருக்க, மிதிகட்டையில் உடல் எடையைச் செலுத்தினால் இத்தனை பெரிய வண்டி தானாகப் பின்னுக்கு உருண்டு ஏறிவிடும். காற்று இறங்கிய வண்டியில் அதே மிதிகட்டையின் மேல் ஏறி நின்றாலும் வண்டி அசையாது. சைடு ஸ்டாண்டில் நிறுத்தும்போது வழக்கமான சாய்வு இல்லாமல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். லேசாகத் தள்ளினால் மறுபக்கம் சாய்ந்துவிடுமோ என்ற அச்சம் வரும். இந்த இரண்டையும் கண்டால் திரையில் காட்டும் எண் எதுவாக இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அழுத்தமானியின் மின் இணைப்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலும் எண் தவறாகக் காட்டும்.

பழுதைத் தேடும்போது பெரும்பாலோர் தவறுவது வரிசையில்தான். எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்கு முன், உண்மையிலேயே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் 25 டிகிரி வெப்பத்தில் 40 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, மறுநாள் காலை 5 டிகிரியில் பார்த்தால் ஒரு துளிக் காற்றும் வெளியேறாமலேயே அது 36 சொச்சமாகக் குறைந்திருக்கும். அளவி காட்டும் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தமான 14.7ஐயும் கூட்டி, வெப்பநிலையைக் கெல்வினில் வைத்துக் கணக்குப் போட்டால் இந்த விடை வரும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உள்ளிருக்கும் எண்ணெய் சூடாகி அழுத்தம் கூடுவதும் இதே கணக்கின் மறுபக்கம். ஆகவே வண்டி முழுவதும் ஆறிய பிறகு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே வெப்பநிலையில், ஓர் இரவு இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளை மட்டுமே ஒப்பிடலாம்.

கம்ப்ரெசர் இல்லாத பழைய டூரிங் வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இங்கே இன்னொரு எச்சரிக்கை தேவை. ஹார்லி-டேவிட்சனின் பழைய எலக்ட்ரா கிளைடு போன்றவற்றில் வால்வு வழியாகக் கைப்பம்பில் காற்று ஏற்ற வேண்டும். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு டயரோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. அளவியை மாட்டிய கணத்திலேயே அதன் குழாயை நிரப்பக் காற்றின் ஒரு பங்கு போய்விடும். அளவியின் குழாய் உள்ளிருக்கும் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 40 பிஎஸ்ஐ இருந்த இடத்தில் 36 சொச்சம்தான் காட்டும். இதைக் கசிவு என்று எண்ணி நல்ல ஷாக் அப்சார்பரை மாற்றியவர்கள் உண்டு. கழற்றும்போது காற்றை இழக்காத வகையில் செய்யப்பட்ட சஸ்பென்ஷன் கைப்பம்பு ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. 100 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயை இந்த வால்வில் ஒருபோதும் வைக்கக் கூடாது. காற்றை உள்ளே அடைத்து வைக்கும் சீல் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும்.

ஜிஎல்1500க்குத் திரும்புகிறேன். பொத்தானை அழுத்தியதும் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கம்ப்ரெசர் சத்தமே இல்லையென்றால் அது காற்றுப் பழுது அல்ல, மின்பழுது. ஃபியூஸ், ரிலே, கம்ப்ரெசருக்குப் போகும் கனெக்டர் என்ற வரிசையில் பார்க்கலாம். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்தால், பேட்டரியின் வோல்ட் அப்படியே வந்தும் மோட்டார் சுற்றவில்லையெனில் மோட்டாரில் கோளாறு. ஒன்பது, பத்து வோல்ட்தான் வருகிறதெனில் வழியில் எங்கோ துரு இருக்கிறது. உப்புச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் இரண்டாவதுதான் அதிகம். கனெக்டரைச் சுத்தம் செய்து, ஈரம் புகாமல் காக்கும் டை-எலக்ட்ரிக் கிரீஸ் பூசினாலே செத்துப்போனதாகக் கருதிய கம்ப்ரெசர் எழுந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கம்ப்ரெசர் நன்றாக ஓடியும் எண் ஏறவில்லை என்றால், குழாய் கழன்றிருக்கலாம், அல்லது காற்றை இறக்கும் மின்வால்வு மூடாமல் திறந்தே நிற்கலாம். இதைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனெனில் இவ்வளவு பெரிய கசிவு சத்தம் போடும். கடினமானது மூன்றாவது நிலைதான்: எண் ஏறுகிறது, ஒரு மணி நேரம் நிற்கிறது, விடிந்தால் இல்லை.

இந்த மெல்லிய கசிவுக்குப் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கும் பொறுமைதான் மருந்து. வலப்பக்கப் பெட்டியையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றிவிட்டு, அழுத்தத்தை மேல் எல்லைக்கு அருகில் ஏற்றி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஒரு சிறிய தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவ வேண்டும். தடவிய உடனே பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. குழாய் ஷாக் அப்சார்பரோடு சேரும் இடத்தில், கடுகளவுகூட இல்லாத வெண்ணுரை ஒன்று மெல்லத் திரண்டு, நிமிடங்கள் கழித்துத்தான் கண்ணில் படும் அளவுக்கு வளரும். அந்த இணைப்பைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் வட்டமான குறுக்குவெட்டை இழந்து, ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகாத அளவுக்கு இறுகியிருக்கும். முப்பது ஆண்டு ரப்பரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதே அளவில் புதியதை வாங்கி, சிலிகான் கிரீஸ் தடவிப் போட்டால் வேலை முடிந்தது. ஒரு காபியின் விலைகூட ஆகாது. ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான் என்பதால், அந்த வழியில் உள்ள எல்லா ஓ-ரிங்குகளையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். வேலை முடிந்ததும் சோப்பு நீரைச் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட வேண்டும். அது அலுமினியத்தில் காய்ந்தால் அரிக்கக்கூடும்.

மூடிகளைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பிளாஸ்டிக் மூடிகளின் கொக்கிகள் குளிரில் கண்ணாடியைப் போல ஒடியும். அறை வெப்பத்துக்கு வண்டியைக் கொண்டுவந்த பிறகே அவற்றைத் தொட வேண்டும்.

இணைப்புகளில் நுரை எதுவும் வரவில்லை என்றால், ஷாக் அப்சார்பரைக் காற்று வழியிலிருந்து துண்டித்துச் சோதிக்க வேண்டியதுதான். ஷாக் அப்சார்பரிலிருந்து குழாயைக் கழற்றி, கம்ப்ரெசரிலிருந்து வரும் அதன் முனையைச் சரியான அடைப்பானால் மூடி, பொத்தானைச் சிறிது நேரம் மட்டும் அழுத்தி அழுத்தத்தை ஏற்றி, இரவு முழுவதும் விட்டுப் பார்க்க வேண்டும். குறுகிய குழாயில் எண் வேகமாக ஏறும் என்பதால் விரலை உடனே எடுத்துவிட வேண்டும். காலையில் எண் நின்றிருந்தால் பழுது ஷாக் அப்சார்பரில். நிற்கவில்லையென்றால் வால்விலோ ஈரமுறிஞ்சியின் இணைப்பிலோ. ஷாக் அப்சார்பரின் சீல் போயிருந்தால் அது பெரும்பாலும் எண்ணெயாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: தண்டில் புழுதி ஒட்டிய ஈரப் பட்டை, கழற்றிய குழாயின் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. அந்த நிலையில் சீல் மாற்றலாம். தண்டில் துருப்புள்ளிகள் இருந்தால் புதிய சீலும் விரைவில் கிழியும் என்பதால் முழு ஷாக் அப்சார்பரையே மாற்றுவது நல்லது.

பலரும் மறந்துவிடும் பாகம் சிலிக்கா ஜெல் குடுவைதான். ஈரம் நிறைந்துபோன ஜெல், காற்றை உலர்த்தாமலேயே வழிவிடும். அந்த ஈரம் வால்வின் இருக்கையிலும் குழாயிலும் படிந்து வெள்ளைத் தூளாக அரிக்கும். புதிய ஓ-ரிங் போட்ட சில மாதங்களில் கசிவு மீண்டும் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜெல் மணிகளை அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம், அல்லது புதியதை நிரப்பலாம். இதற்கென்று இடைவெளி குறித்துக்கொண்டு செய்பவர்களின் வண்டிகளில் வால்வு நீடிக்கிறது.

சேவை நிலையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய விற்பனையகங்களில் இந்த வயது வண்டியை எடுத்துக்கொள்வதே குறைந்துவருகிறது. எடுத்துக்கொண்டாலும் மணிக்கணக்கில் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்வது அவர்கள் பக்கத்தில் புரிந்துகொள்ளக்கூடியதே. தனிப்பட்ட சிறிய பட்டறை ஒன்றுக்குப் போகிறவர், 'காற்று நிற்கவில்லை, பாருங்கள்' என்று மொத்தமாக ஒப்படைக்காமல், மேலே சொன்ன இரவுச் சோதனையைத் தானே செய்து, எந்தப் பக்கம் கசிகிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தால் கூலியில் பாதி மிச்சமாகும்.

காற்றே வேண்டாம், இருபக்கமும் ஸ்பிரிங் போதும் என்று மாற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஹோண்டாவே 2001இல் ஜிஎல்1800 வந்தபோது பின்பக்கக் காற்றைக் கைவிட்டு, பொத்தானை அழுத்தி ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, அதாவது அது முன்கூட்டியே அமுக்கப்பட்டிருக்கும் அளவை, மாற்றும் முறைக்குப் போய்விட்டது. எப்போதும் தனியாக, ஒரே அளவு சாமானோடு ஓட்டுபவருக்கு ஸ்பிரிங் மாற்றம் நியாயமான முடிவே. துணையோடும் தனியாகவும் மாறிமாறி ஓட்டுபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருவருக்கு ஏற்ற ஸ்பிரிங் தனியாகப் போகும்போது ஒவ்வொரு சாலை விரிசலையும் முதுகெலும்புக்குக் கடத்தும்.

இந்த வண்டியை இனி வாங்கப் போகிறவர், விற்பவரிடம் முதல்நாள் மாலையே 40 பிஎஸ்ஐ ஏற்றிவைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலை போய்ப் பார்க்கட்டும். 35க்கு மேல் நின்றிருந்தால் இந்தப் பக்கத்தில் பேரம் பேச ஒன்றுமில்லை. பாதியாகக் குறைந்திருந்தால் ஓ-ரிங்குக்கும் ஜெல்லுக்கும் ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் போதும். அதைக் காட்டி விலையைக் குறைத்துக்கொண்டு வாங்கலாம். முழுவதும் இறங்கி, வலப்பக்கத் தண்டில் எண்ணெயும் வழிந்திருந்தால் ஒரு ஷாக் அப்சார்பரின் விலையைக் கேட்ட தொகையிலிருந்து கழித்த பிறகே சாவியை வாங்க வேண்டும்.