டான் வெசன் ரிவால்வரில் இறுகிப்போன பேரல் நட்: எந்த வழி தேறும், எது தேறாது

டான் வெசன் ரிவால்வரின் பெருமையே பேரலை, அதாவது குழலை, வீட்டிலேயே கழற்றி மாட்டலாம் என்பதுதான். 1968-இல் மாசசூசெட்ஸ் மான்சனில் ஆரம்பித்த கம்பெனி அது. ஆரம்பித்தவர் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனர்களில் ஒருவரின் கொள்ளுப்பேரன். இரண்டரை, நாலு, ஆறு, எட்டு அங்குலம் என்று பேரல்களை ஒரே பெட்டியில் போட்டு ‘பிஸ்டல் பேக்’ என்று விற்றார்கள். ஆனால் பழைய 15-2 மாடல் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிப் பாருங்கள், முன்னாடி வைத்திருந்தவர் அந்த வசதியை ஒரு தடவைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டார். நாற்பது வருஷக் கரியும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து பேரலின் முனையில் இருக்கும் நட்டைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே அமெரிக்காவில் இந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள், உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அவற்றை வரிசையாக ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வைத்தியத்தை அப்போதே தள்ளிவிடலாம். பேரல் என்பது இரண்டு முனையிலும் மரை வெட்டிய ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான். பின்முனை ஃப்ரேமில், அதாவது துப்பாக்கியின் உடலில், திருகி ஏறும். அதன் மேல் ஷ்ரவுட் என்கிற உறை வழுக்கி உட்காரும், அது சுற்றாமலிருக்க ஃப்ரேமில் ஒரு சின்ன பின் இருக்கிறது. கடைசியாக முன்முனையில் நட். நட்டை இறுக்கும்போது உறை நசுங்கப் பார்க்கிறது, குழாய் இழுபடுகிறது, அந்த இழுவிசைதான் இந்தத் துப்பாக்கி குறி தப்பாது என்று பேர் வாங்கியதற்கு ஒரு காரணம். முதலில் வந்த மாடல் 12-இல் நட் வெளியே தெரியும். 15-2-இல் அது உறையின் வாய்க்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது, பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு தடவை சுடும்போதும் வருகிற கரியும் ஈயமும் தங்குவதற்கு நல்ல குழி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு முனையும் வலது மரை. குழல்வாயை உங்கள் பக்கம் திருப்பி நட்டை இடஞ்சுழியாகத் திருப்பினால், நட் பேரலிலிருந்து கழலலாம், அல்லது நட்டைப் பிடித்துக்கொண்டே பேரல் ஃப்ரேமிலிருந்து கழலலாம். இரண்டில் எது நடந்தாலும் இழுவிசை போய்விடும், உங்களுக்கு வேலை முடிந்தது. அதாவது இரண்டு மூட்டும் ஒரே நேரத்தில் பிடிவாதம் பிடித்தால் மட்டும்தான் நட் உண்மையிலேயே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தோற்றுப்போவது மரை இல்லை, கையில் இருக்கிற கருவி.

சரி, வேலையில் இறங்கும் முன் தோட்டா அறைகள் இருக்கும் சிலிண்டரைத் திறந்து, காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

இப்போது கருவி. துப்பாக்கியோடு கொடுத்த ரென்ச் லேசான வேலைக்குத்தான். கழற்றிச் சுத்தமாக வைத்திருக்கும் நட்டுக்கு அது போதும், நாற்பது வருஷ நட்டுக்குப் போதாது. அதன் இரண்டு பற்களும் நட்டில் இருக்கும் இரண்டு வெட்டுகளில் முழு ஆழத்துக்கு இறங்காவிட்டால் விசை கொடுத்ததும் வெளியே ஏறி வழுக்கும், வழுக்கும்போது நேராகக் குழல்வாயின் விளிம்பில் கீறும், அந்த விளிம்புதான் தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே ஒரு கீறல் விழுந்தால் குறி போச்சு. இதற்கு மாற்றாக வெளியில் சிலர் கடைந்து விற்கும் கனமான எஃகு ரென்ச் இருக்கிறது, சிலவற்றில் குழலுக்குள் நுழையும் ஒரு வழிகாட்டித் தண்டும் உண்டு, அது கருவியைச் சாயவிடாது. தண்டு வைத்ததை வாங்குங்கள். கொஞ்சம் காசு அதிகம்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிகளையும்விட இதில் போட்ட காசுக்குத்தான் பலன் அதிகம். எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் வெட்டுகளுக்குள் இருக்கும் கரியைப் பித்தளைக் குச்சியால் சுரண்டி எடுங்கள். அரை மில்லிமீட்டர் கரி அடியில் கிடந்தால் பல் அரை மில்லிமீட்டர் மேலேதான் நிற்கும்.

அடுத்து, எதைப் பிடிப்பது? கையில் பிடித்து முறுக்குவது ஒரு பக்கம், ஃப்ரேமை வைஸ் என்கிற இறுக்குப்பிடியில் கடிப்பது இன்னொரு பக்கம், இரண்டுமே தப்பு. ஃப்ரேமைப் பிடித்தால் நீங்கள் கொடுக்கும் முறுக்கில் ஒரு பங்கு அந்தச் சின்ன பின்னில் போய் விழும், போதாததற்குச் சிலிண்டர் உட்காரும் ஜன்னல் கோணுவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. உறையின் முன்பகுதியை, குழல்வாய்க்குப் பக்கத்தில், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே தோல் வைத்துப் பெஞ்ச் வைஸில் பிடிப்பதுதான் முறை. மேலே ரிப் என்கிற ஓட்டை போட்ட முகடு இருக்கும் உறையாக இருந்தால் பக்கவாட்டில் மட்டும் கடிக்க வேண்டும், மேலும் கீழுமாகக் கடித்தால் ரிப் நசுங்கும்.

எண்ணெய்க்கு வருவோம். டபிள்யூடி-40-ஐத் தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். அது 1953-இல் சான் டியகோவில் ஏவுகணை உடம்பில் ஈரம் தங்காமலிருக்கக் கண்டுபிடித்த திரவம், ஈரத்தை விரட்டும், மெல்லிய துருவுக்குக் கை கொடுக்கும், ஆனால் மரைக்குள் ஊறுவதில் கிராயில், பிபி பிளாஸ்டர் மாதிரி ஊறும் எண்ணெய்கள் அதைவிடத் தேவலை. ஏடிஎஃப் என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலக்கும் வீட்டு மருந்துக்கு ரசிகர்கள் அதிகம். ஊறும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் நிலையாகக் கலந்து நிற்காது, ஊற்றும் முன் ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் மரப்பிடியின் வார்னிஷையும் குறி பார்க்கும் முன்சைட்டில் இருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் துண்டையும் தின்றுவிடும். நம்ம ஊர் மெக்கானிக் கடையாக இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள், அதுவும் மோசமில்லை. நான் கிராயில் பக்கம். ஆனால் எந்த எண்ணெய் என்பதைவிட எங்கே விடுகிறீர்கள் என்பது முக்கியம். எல்லோரும் குழல்வாயில் மட்டும் விடுகிறார்கள். மேலே சொன்ன மாதிரி பின்முனை மரை இளகினாலும் வேலை முடிந்துவிடும், அதனால் சிலிண்டரைத் திறந்து, குழாய் ஃப்ரேமை விட்டு எட்டிப் பார்க்கும் இடத்தில் சுற்றிலும் சொட்டு விட்டு, துப்பாக்கியை ஒருநாள் குழல் மேலே பார்க்கவும் மறுநாள் கீழே பார்க்கவும் நிறுத்தி வையுங்கள். எண்ணெயோடு பொறுமை இருந்தால் கரி, காய்ந்த எண்ணெய், லேசான துரு மூன்றும் இளகும். முன்னால் வைத்திருந்தவர் லாக்டைட் என்கிற மரைப் பசையைப் போட்டிருந்தால் மட்டும் எந்த எண்ணெயும் ஒன்றும் செய்யாது.

லாக்டைட் என்றால் சூடு. சூட்டைப் பற்றித்தான் அதிகமாக உளறுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். “ஹீட் கன்னை எடு, வெளியே சுற்றிச் சூடாக்கு, நட் விரியும்” என்பார்கள். சாதாரண நட்டுக்கு அது சரி, ஏனென்றால் அங்கே நட் வெளியே இருக்கிறது. இங்கே நட் உறைக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து சூடு கொடுத்தால் முதலில் நீளுவது உறை. உறை நீண்டால் நட்டை முன்னால் தள்ளும், இழுவிசை கூடும், நட் இன்னும் இறுகும். நாம் நினைத்ததற்கு நேர் எதிர்.

உள்ளேயிருந்து சூடு கொடுத்தால் கதை மாறுகிறது. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். ஆறு அங்குலக் குழாய் 150 மில்லிமீட்டர். குழாய் மட்டும் உறையைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 0.004 அங்குலம் நீளும். நட்டுக்கு அடியில் இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்த அது பெரிய உதவி. குழாய்க்கும் உறைக்கும் நடுவே பெரும்பகுதி காற்றுதான் இருக்கிறது, ஆகவே சூடு உடனே வெளியே பரவாது, ஒரு நிமிஷமாவது கிடைக்கும். வழி எளிது. பிடிக்கட்டைகளைக் கழற்றிவிட்டு, வைஸில் குழல்வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, பின்பக்கத்திலிருந்து புனலும் ரப்பர் குழாயும் வைத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள், கெட்டில் காலியானதும் கருவியை மாட்டித் திருப்புங்கள். கறுப்பு வெடிமருந்து சுடுகிறவர்கள் குழலைக் கொதிநீரால்தான் கழுவுவார்கள், ஆகவே எஃகுக்கு ஒன்றும் ஆகாது. வெந்நீர் கரியையும் இளக்கும் என்பது கூடுதல் லாபம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

ஆனால் வெந்நீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். நீல லாக்டைட் கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்பு விடாது, அது இளக 250 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். அந்தச் சூட்டை மொத்தத் துப்பாக்கி மேல் டார்ச்சால் கொடுத்தால் முன்சைட்டின் பிளாஸ்டிக் உருகும், பாலிஷ் மேல் நிறம் மாறும். ஆகவே டார்ச் வேண்டாம், குறைந்தபட்சம் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

தட்டுவது? கருவியில் விசை கொடுத்தபடியே அதன் தலையில் பித்தளைச் சுத்தியால் லேசாகத் தட்டுவது நல்லது, அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். சுத்தியால் அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவரும் மின்சார இம்பாக்ட் ரென்ச்சும் லாரி சக்கரத்துக்கு இருக்கட்டும். இரண்டு சின்னப் பல் அதைத் தாங்காது. துப்பாக்கியை ஃப்ரீசரில் வைக்கிற யோசனையும் சுற்றுகிறது, எல்லாமே சேர்ந்து சுருங்கினால் என்ன பிரயோஜனம்?

இப்போது நட்டோடு சேர்ந்து பேரலே ஃப்ரேமிலிருந்து கழன்று வந்தால் பலர் பயந்துபோய்த் திரும்ப இறுக்கிவிடுகிறார்கள். வேண்டாம், அதுதான் இருப்பதிலேயே நல்ல முடிவு. பேரலை முழுக்க வெளியே திருகி எடுங்கள், உறை பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். இப்போது கையில் இருப்பது ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு நட்டும். ஃப்ரேம் இல்லை, சைட் இல்லை, பாலிஷ் கெடும் என்ற கவலையும் இல்லை, குழாயின் நடுப்பகுதி எப்படியும் உறைக்குள் மறைந்துவிடும். நட்டின் பின்பக்கத்திலிருந்தும் எண்ணெய் விடலாம், இதுவரை அது முடியாது. மரக்கட்டைக்கு நடுவே கொஞ்சம் ரோசின் என்கிற பிசின் தூள் தூவிக் குழாயைப் பிடித்தால் வழுக்காது. சிவப்பு லாக்டைட் என்று சந்தேகமிருந்தால் டார்ச்சின் நேரம் இதுதான், நட்டை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள், எண்ணெயைத் துடைத்த பிறகு. குழலுக்குள் கம்பியைச் செருகிப் பிடிக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே சுருளாக வெட்டிய வரிகள் பாழாகும்.

எதற்கும் அசையவில்லை, அல்லது நட்டின் வெட்டுகள் ஏற்கெனவே உருண்டு போயிருக்கின்றன என்றால் நட்டை வெட்டி எடுப்பதுதான் மிச்சம். அதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவரிடம் லேத் இருக்கும், குழலை மையத்தில் பிடித்து நட்டை மட்டும் கடைந்து எடுப்பார். வீட்டு டிரில்லிங் மெஷினால் குழல்வாய்க்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஓட்டை போடுவது என்ன தைரியமோ தெரியவில்லை. நட் மலிவு, உறையும் பேரலும் விலை அதிகம், பழைய நீளங்கள் தேடினாலும் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஆகவே நட்டைப் பலி கொடுக்கத் தயங்க வேண்டாம். என் கணக்கில் நல்ல ரென்ச்சும், இரண்டு முனையிலும் எண்ணெயும், வெந்நீரும் தோற்ற பிறகு நேராக இந்த இடத்துக்கு வந்துவிடலாம். நடுவில் இருக்கும் மற்ற வித்தைகளால் சேதம்தான் கூடும்.

திரும்ப மாட்டும்போது மரைகளைப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கிரீஸ் ஒரு தடவல். ஸ்டெயின்லெஸ் மாடலாக இருந்தால் ஆன்டி-சீஸ் என்கிற மரை ஒட்டாமல் காக்கும் பூச்சு, ஏனென்றால் ஸ்டெயின்லெஸ் மரைகள் துருவே இல்லாமலும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். .357 தோட்டா மாடலுக்குச் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே 0.006 அங்குல பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துக்கொண்டு பேரலைத் திருகி, கேஜ் அப்படியே இருக்கும்போதே நட்டை இறுக்குங்கள். கேஜை உருவியதும் சிலிண்டரை ஒவ்வொரு அறையாகச் சுற்றி எங்கும் உரசவில்லையா என்று பாருங்கள், உரசினால் நட்டைத் தளர்த்தி மறுபடி வைக்க வேண்டும்.