மொட்டைமாடிப் பானையா, கொல்லைக் குழியா?

சமையலறைக் கழிவை மக்க வைக்க நான் சேலத்தில் மாடியில் ஓட்டை போட்ட மண்பானை வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் இருக்கும் அக்கா கொல்லையில் இரண்டடிக் குழி வெட்டியிருக்கிறார்.

பானைக்குத் தினமும் கவனிப்பு வேண்டும். ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட்டு வாரம் ஒருமுறை கிளற வேண்டும், நம்ம ஊர் வெயிலுக்குக் காய்ந்துபோனால் கொஞ்சம் தண்ணீரும் தெளிக்க வேண்டும். போன மாம்பழ சீசனில் ஈரத் தோலை அப்படியே கொட்டிவிட்டேன், மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த நாற்றம், ஓரமெல்லாம் வெள்ளைப் புழு நெளிகிறது. நார்த்தூளை அள்ளிப் போட்டுக் கிளறிய அப்புறம்தான் அடங்கியது.

குழிக்கு இவ்வளவு வேலை இல்லை, போட்டு மண்ணை மூடினால் சரி. ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் மெதுவாகத்தான் மக்கும். மழைத் தண்ணீர் தேங்கினால் காற்றுப் புகாமல் அழுகிவிடும், அதனால் மேடான இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். மாங்கொட்டை இரண்டிலுமே லேசில் மக்காது.

கொல்லை இருந்தால் யோசிக்காமல் குழி வெட்டுங்கள். வாடகை வீட்டுக்குப் பானைதான், காலி செய்யும்போது உரத்தோடு தூக்கிக்கொண்டு போகலாம்.