ரெண்டு பின் கேத்தல் வாங்காதீர்கள்

ஹட்டன் பக்கம் மலிவுக் கேத்தல் வாங்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

போன மாதம் சம்பளம் கிடைத்த மறுநாள், டவுனில் அம்மாவுக்கு ஒரு கரண்டு கேத்தல் வாங்கினேன். எவர்சில்வர் உடம்பு. பெட்டியில் இலங்கைத் தரச் சான்றான எஸ்எல்எஸ் முத்திரை மாதிரி ஒரு ஸ்டிக்கர். ஆனால் வயர் முனையில் உருண்டையாக ரெண்டு பின்தான். "இது வீட்டு பிளக்குக்குப் போகாதே முதலாளி" என்றேன். "பேனா மூடிய மேல் ஓட்டைல குத்துங்க தங்கச்சி, எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க" என்றார். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் அப்படித்தான். பேசாமல் காசைக் கொடுத்தேன். பில் கேட்டால், புத்தகம் முடிந்துவிட்டதாம்.

நாலாம் நாள். மழையில் நனைந்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா ஈரக் கையோடு கேத்தலைத் தொட்டார். கரண்டு தூக்கி எறிந்துவிட்டது. கரண்டு கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால்தான் பிழைத்தார். அந்த சுவிட்சே இல்லாத வீடுகள் எங்கள் வரிசையில் உண்டு. நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது.

பேனா மூடியைக் குத்திக் கீழ் ஓட்டைகளைத் திறக்கிறோமே, அந்த மேல் ஓட்டை எர்த்துக்கானது. உள்ளே வயர் பழுதாகி உலோகத்தில் கரண்டு ஏறினால், மூன்றாவது பின் வழியாக அது நிலத்துக்குப் போய்விடும். அந்தப் பின் இல்லாவிட்டால் நம் உடம்புதான் வழி.

திருப்பிக் கொண்டுபோனால், "தண்ணி பட்டிருக்கும், உங்க பிழை. பில் எங்க?" என்றார் அதே முதலாளி.

இலங்கைக்கு 13 ஆம்பியர் சதுர மூன்று பின் பிளக்தான் என்று அரசாங்கம் முடிவெடுத்து எத்தனையோ வருடம். பிறகு இந்தப் பெட்டிகள் எப்படி மலை ஏறி வருகின்றன? எங்கள் டவுனில் நான் கண்ட சோதனையெல்லாம் அரிசி விலைக்கும் காலாவதித் திகதிக்கும்தான். 2021 கடைசியில் வீடு வீடாகக் கேஸ் வெடித்த பிறகுதானே சிலிண்டருக்குள் என்ன கலவை என்று கேட்டார்கள்? கரண்டு சாமானுக்கும் ஒரு உயிர் போகும்வரை காத்திருக்கக் கூடாது. அதிகாரிகள் துறைமுகத்திலும் பார்க்கட்டும், எங்கள் கடைத்தெருவுக்கும் வரட்டும்.

கேட்டால் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் சொல்கிறது. தராத கடையில் வாங்காதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன். கேத்தலையும் பெட்டியையும் வீசாமல் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோதும் அந்தக் கடை வாசலில் அதே கேத்தல்கள் அடுக்கியிருந்தன.