எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்

முதல் பைக்காகப் பழைய வண்டி எடுக்கப் போகிறீர்களா? அதுவும் கியர் வண்டி இப்போதுதான் பழகுகிறீர்களா? அப்படியென்றால் பணம் கொடுக்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

போன ஆகஸ்டில் கோவையில் பழைய வண்டி விற்கும் ஒரு பைக் கன்சல்டிங் கடையில் 2015 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ் எடுத்தேன். விலை 34,000 ரூபாய். அதுவரை ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். பல்லடம் பக்கம் வேலை மாறியதும், ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு பஸ் இல்லை. 100 சிசி வண்டி என்றால் பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும், எடையும் 110 கிலோ சுற்றித்தான், பழக இதுதான் நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். அது சரிதான், எனக்கு அந்த வண்டி மேல் எந்தக் குறையும் இல்லை. விற்ற ஆள் மேல்தான் கோபம்.

"ஒரே ஓனருங்க்கா, வாத்தியார் வெச்சிருந்த வண்டி. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்குது" என்றார். மீட்டரில் 31,000 கிலோமீட்டர் காட்டியது. கிளம்பும்போது போன் பண்ணிவிட்டு வரச் சொல்லியிருந்தார், நானும் பண்ணினேன். போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் சூடாக இருந்தது. ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனதும் எனக்குச் சந்தோஷம். அந்தச் சூடு எதற்கு என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் சைலன்சரில் நீலப்புகை வந்தது, ஆயில் எரிகிற புகை. இன்ஜின் சூடானதும் அது குறைந்துவிடுகிறது, அதனால்தான் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பழைய வண்டி பார்க்கப் போனால் சொல்லாமல் போங்கள், முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். கையில் எல்எல்ஆர் மட்டும்தான் இருந்தது. "நீங்க பழகறவங்க, மெயின் ரோடு வேண்டாங்க்கா" என்று கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு ரவுண்டு விட்டார். இருபது கிலோமீட்டர் வேகத்தில் எந்தக் குறை தெரியும்?

அடுத்த ஒரு மாதத்தை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை. நாற்பதைத் தாண்டினால் ஹேண்டில் இடது பக்கம் இழுத்துக்கொண்டே போகும், திருப்பத்தில் நடுவில் சிக்கி அப்புறம் சட்டென்று விடும். எனக்குத்தான் பேலன்ஸ் வரவில்லை என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் எட்டு போட்டுப் பழகினேன். கடைக்காரருக்குப் போன் பண்ணினால், "புதுசா ஓட்டறவங்களுக்கு அப்படித்தாங்க்கா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றார். அதையும் நம்பினேன். காரணம்பேட்டை திருப்பத்தில் விழுந்து முட்டி கிழிந்தபோதும், பின்னால் லாரி வராதது என் நல்ல நேரம் என்று நினைத்தேனே தவிர, வண்டி மேல் சந்தேகம் வரவில்லை. பழகுகிற ஆளுக்கு நல்ல வண்டி எப்படிப் போகும் என்று தெரியாது. அந்த ஒன்றை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

சூலூரில் ஒரு வயதான மெக்கானிக்தான் கண்டுபிடித்தார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் என்னை அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்ல இரண்டு பக்கமும் திருப்பினார். நடுவில் டக்கென்று நின்றது. ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருக்கும் பேரிங், கோன்செட் என்பார்கள், அது போய்விட்டது. முன்னால் உட்கார்ந்து பார்த்தால், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இரண்டும் ஒரே நேராக இல்லை. "முன்னாடி நல்லா அடிபட்ட வண்டி கண்ணு, பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருக்கான்" என்றார். ஆயில் குச்சியை எடுத்தால் நுனியில்கூட ஈரம் இல்லை. ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் தேய்ந்து வழவழவென்று இருப்பதைக் காட்டி, இது 31,000 ஓடின வண்டியா என்று கேட்டார். மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் ஓட்டலாமாம். ஃபோர்க் பைப், கோன்செட், இன்ஜின் போர் வேலை, பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்ந்து 11,500 ரூபாய் ஆனது.

கடையில் போய்க் கேட்டேன். டெலிவரி நோட்டை எடுத்துக் காட்டினார், உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது, அதற்கடியில் என் கையெழுத்து.

பேப்பர் கதை தனி. ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருக்கிறது. கடன் முடிந்ததற்கான என்ஓசியும் ஃபார்ம் 35-உம் இல்லாமல் ஆர்டிஓ ஆபீசில் எச்பி, அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவு, கேன்சல் ஆகாது. அது முடியாமல், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29-லும் 30-லும் பழைய ஓனர் கையெழுத்து இருந்தும் எனக்குப் பெயர் மாறவில்லை. "ஒரு வாரத்துல வந்துருங்க்கா" என்றே மூன்று மாதம் ஓட்டிவிட்டார். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதையும் அவர் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. என்ஓசியைக் கண்ணால் பார்க்காமல் முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். பத்தாயிரமாவது கையில் பிடித்து வைத்திருந்தால் என் பேப்பர் அந்த ஒரு வாரத்திலேயே வந்திருக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஆர்சியில் உள்ள பழைய ஓனரையும் தேடிப் பிடித்துவிட்டேன், அவர் வாத்தியார் இல்லை, பால் வண்டியாக ஓட்டியவர். நல்ல மனிதர், வியாழக்கிழமை ஃபைனான்ஸ் ஆபீசுக்குக் கூட வருகிறேன் என்றிருக்கிறார். ஃபோர்க் மாற்றிய அன்று சூலூரிலிருந்து பல்லடம் வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி நேராகப் போனது.